சிகாகோ பேர்ஸுக்கு 9-வது தேர்வில் யார்? 2024 டிராஃப்ட் இழை

கரடிக்குகை | ஏப்ரல் 14, 2024

25-ஆம் தேதி டெட்ராய்ட்டில் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. நம் முதல் தேர்வு, பந்தை எறிகிற குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ்தான், அதில் இனி பேச ஒன்றுமில்லை. பழைய குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸை ஒரு ஆறாம் ரவுண்டு தேர்வுக்கு பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிய அன்றே அந்தக் கதை முடிந்தது. "ஃபீல்ட்ஸா, கேலப்பா" என்று இங்கே யாரும் மறுபடி ஆரம்பிக்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பேச வேண்டியது 9-வது தேர்வை. நம் கையில் மொத்தமே நான்குதான்: 1, 9, 75, 122. இரண்டாம் ரவுண்டு தேர்வு மான்டெஸ் ஸ்வெட்டுக்காக வாஷிங்டனுக்குப் போனது. ஐந்தாம் ரவுண்டு, ரயன் பேட்ஸுக்காக பஃபலோவுக்கு. 9-க்கும் 75-க்கும் நடுவில் 65 பேர் போவார்கள், நாம் சோளப்பொரியோடு வேடிக்கை பார்ப்போம்.

ஓட்டைகளோ நிறைய. ஸ்வெட்டுக்கு எதிர்ப்பக்கம் எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்) இல்லை. குவாட்டர்பேக்கைக் காக்கும் லைனின் ஓரத்தில், இடது டேக்கிளில், பிராக்ஸ்டன் ஜோன்ஸ் பரவாயில்லை, அவ்வளவுதான். டேர்னல் மூனி அட்லாண்டா போய்விட்டதால் எறிந்த பந்தைப் பிடிக்க மூன்றாவது ரிசீவர் வேண்டும். டிஃபென்ஸ் நடுவில் ஜஸ்டின் ஜோன்ஸும் அரிசோனா போய்விட்டார்.

என் கட்சி: கீழே இறங்கு, அதாவது 9-ஐக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு தேர்வும் கூடவே இன்னொன்றும் வாங்கு. பழைய ஜிம்மி ஜான்சன் மதிப்புப் பட்டியல்படி 9-வது தேர்வுக்கு 1350 புள்ளி, 15-க்கு 1050. வித்தியாசம் 300, அதாவது இரண்டாம் ரவுண்டின் கடைசிப் பகுதியில் ஒரு தேர்வு. குவாட்டர்பேக் வேண்டி மேலே ஏறத் துடிக்கிற அணி என்றால் இன்னும் கொஞ்சம் கறக்கலாம். 15-ல் ஒரு எட்ஜ், 50 பக்கத்தில் ஒரு லைன்மேன். சொல்லுங்கள், என்ன தப்பு?

புது_ரசிகன் | ஏப்ரல் 14

அண்ணே, போன சீசனில்தான் பார்க்க ஆரம்பித்தேன், ஒரு சின்ன சந்தேகம். மோசமாக ஆடிய அணிக்கு முதலில் தேர்வு கிடைக்கும் என்றார்கள். நாம் 7-10 (7 வெற்றி, 10 தோல்வி). நம்மைவிட மோசமான அணிகள் எத்தனையோ இருக்க, முதல் தேர்வு நம்மிடம் எப்படி வந்தது?

கேப்_கணக்கு | ஏப்ரல் 14

தம்பி, அது கரோலைனாவின் புண்ணியம். 2023-லும் முதல் தேர்வு நம்மிடம்தான் இருந்தது. நம் பொது மேலாளர் போல்ஸ் அதை கரோலைனா பேந்தர்ஸுக்கு விற்றார். பதிலுக்கு அந்த வருடத்தின் 9, 61, இந்த வருடத்தின் அவர்களுடைய முதல் ரவுண்டு, 2025-இல் ஒரு இரண்டாம் ரவுண்டு, கூடவே ரிசீவர் டி.ஜே. மூர். அவர்கள் பிரைஸ் யங்கை எடுத்து 2-15 என்று முடித்தார்கள். அதனால் அவர்கள் தேர்வே முதல் தேர்வாகி நம் மடியில் விழுந்தது. 9-வது நம்முடைய சொந்தத் தேர்வு. மூரோ வந்த முதல் சீசனிலேயே 1,364 யார்டு. இந்த ஊரில் இப்படி ஒரு டிரேடு நமக்குச் சாதகமாக முடிந்தது என்று சொன்னால் வயதானவர்கள் நம்ப மாட்டார்கள்.

முதல் ரவுண்டு ஆளுக்கு நான்கு வருட ஒப்பந்தம், ஐந்தாவது வருடம் அணியின் விருப்பம். முதல் தேர்வுக்கே நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 39 மில்லியன் டாலர்தான். குவாட்டர்பேக் கர்க் கசின்ஸுக்கு அட்லாண்டா ஒரே வருடத்துக்குச் சராசரியாக 45 மில்லியன் கொடுக்கிறது. அந்த மலிவான நான்கு வருடத்துக்குள் அணியைக் கட்டி முடிக்க வேண்டும். இந்த இழையில் நடக்கப்போகிற எல்லாச் சண்டைக்கும் அடிப்படை அதுதான்.

நேப்பர்வில்_அக்கா | ஏப்ரல் 15

கரடிக்குகை, உங்கள் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் இந்த அணியில் குவாட்டர்பேக்குகள் ஏன் உருப்படவில்லை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நூறு வருடத்துக்கு மேல் பழைய அணி. ஒரே சீசனில் 4,000 யார்டு எறிந்தவர் இன்றுவரை ஒருவர்கூட இல்லை. எரிக் க்ரேமர் 1995-இல் எறிந்த 3,838-தான் இன்னும் சாதனை. இதைச் சொல்லி மற்ற அணிக்காரர்கள் சிரிப்பது எனக்குப் பழகிவிட்டது.

எல்லாம் குவாட்டர்பேக்குகளின் தப்பா? குவாட்டர்பேக் ட்ரூபிஸ்கி வந்த 2017-இல் அணியில் அதிக யார்டு பிடித்தவர் கெண்டல் ரைட், 614 யார்டு. ஃபீல்ட்ஸுக்கு 2022-இல் முதலிடத்தில் இருந்தது கோல் கமெட், ஒரு டைட் எண்ட் (பாதி வேலை தடுப்பது), 544 யார்டு. அந்த வருட நடுவில் அவசரமாக ஒரு இரண்டாம் ரவுண்டு தேர்வைக் கொடுத்து ரிசீவர் சேஸ் கிளேபூலைக் கொண்டு வந்தார்கள். அவர் என்ன செய்தார் என்று நான் எழுத வேண்டியதில்லை. சமையலறையில் அரிசி பருப்பு வைக்காமல் ஆளை உள்ளே தள்ளிவிட்டு, விருந்து எங்கே என்று கேட்பதுதான் நம் வழக்கம்.

"மூர் இருக்கிறார், கீனன் ஆலனும் வந்துவிட்டார், போதாதா?" என்பீர்கள். ஆலன் போன சீசனில் 108 பந்து பிடித்தவர், சந்தேகமே இல்லை. ஆனால் டிராஃப்டின் கடைசி நாளில் அவருக்கு 32 வயது, ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே வருடம். 2025-இல் கேலப் இரண்டாம் வருடம் ஆடும்போது எதிரே யார் நிற்பார்? அந்த ஆளை இப்போதே எடுக்க வேண்டும். கல்லூரி ரிசீவர்களில் ஹாரிசன் ஜூனியரும் நேபர்ஸும் 9 வரை வர மாட்டார்கள். ரோம் ஓடுன்ஸே வரலாம். வாஷிங்டன் பல்கலைக்காக 2023-இல் 92 கேட்ச், 1,640 யார்டு, நாட்டிலேயே அதிகம். அவர் இருந்தால் சீட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

லைன்மேன் | ஏப்ரல் 15

எல்லோரும் பந்து பிடிப்பவனைப் பற்றியே பேசுங்கள். பந்தை எறிய மூன்று விநாடி யார் கொடுப்பது?

ஃபீல்ட்ஸ் 2022-இல் 55 முறை சாக் வாங்கினார். புதுத் தம்பிக்காகச் சொல்கிறேன், எறிவதற்குள் குவாட்டர்பேக்கைப் பந்தோடு தரையில் சாய்ப்பதுதான் சாக். போன வருடம் கரோலைனாவில் பிரைஸ் யங் 62 முறை. ஹூஸ்டன் அணி 2002-இல் டேவிட் காரை முதல் தேர்வாக எடுத்து, முன்னால் காவலுக்கு ஆள் வைக்காமல் 76 முறை அடிவாங்க வைத்தது. அது இன்றும் சாதனை. அந்தப் பையனின் கால்கள் அதற்குப் பிறகு ஒரு இடத்தில் நிற்கவே இல்லை.

இதில் கேலப்பின் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடி அற்புதம் செய்கிறவர். 2022-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் வாங்கிக் கொடுத்தது அதுதான். போன அக்டோபரில் நோட்டர்டேமுக்கு எதிராக மூன்று இன்டர்செப்ஷன் (எறிந்ததை எதிரணி பிடிப்பது) கொடுக்க வைத்ததும் அதே பழக்கம்தான். இப்படி ஆடுகிறவருக்கு மற்றவர்களைவிட நல்ல லைன் வேண்டும்.

வலது பக்கம் டார்னல் ரைட் இருக்கிறார், முதல் வருடமே 17 ஆட்டமும் ஆடினார். இடது பக்கம்? பிராக்ஸ்டன் ஜோன்ஸ் ஐந்தாம் ரவுண்டு ஆள். அதற்கு அபாரமாகவே ஆடுகிறார், மறுக்கவில்லை. போன வருடம் கழுத்துக் காயத்தில் சில வாரங்கள் உட்கார்ந்தபோது மாற்று யார் என்று பார்த்தோமே, நினைவில்லையா? கல்லூரி டேக்கிள்களில் ஜோ ஆல்ட் 9 வரை வருவது கஷ்டம். ஃபஷானு, ஃபுவாகா இருவரில் ஒருவராவது நிச்சயம் இருப்பார். என் ஓட்டு அங்கே.

நேப்பர்வில்_அக்கா | ஏப்ரல் 15

2021, சின்சினாட்டி. குவாட்டர்பேக் பர்ரோவுக்கு முழங்கால் போயிருந்தது, லைன் ஓட்டை. ஐந்தாவது தேர்வில் டேக்கிள் பெனே சூவெல் இருந்தும் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தார்கள். எல்லோரும் திட்டினார்கள். அந்த சீசனிலேயே இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் போனார்கள்.

லைன்மேன் | ஏப்ரல் 15

போனார்கள். அந்த சீசனில் பர்ரோ 51 சாக் வாங்கினார். டென்னசிக்கு எதிரான பிளேஆஃபில் 9. சூப்பர் பவுலில் 7, அதில்தான் தோற்றார்கள். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எதிரணியின் ஆரன் டொனால்ட் வந்து இடுப்பைப் பிடித்தபோது சேஸ் என்ன செய்ய முடியும்? சூவெல் எங்கே போனார் என்று தெரியும்தானே. டெட்ராய்ட். நம் டிவிஷன். வருடத்துக்கு இரண்டு முறை நம் ஆட்களை உருட்டித் தள்ளுகிறார்.

லாம்போ_தம்பி | ஏப்ரல் 16

வணக்கம். பக்கத்து மாநிலத்து கிரீன்பே பேக்கர்ஸ் ரசிகன், எட்டிப் பார்க்கிறேன். எங்கள் குவாட்டர்பேக்குகள் 1992-இல் ஃபார்வ், அப்புறம் ராஜர்ஸ், இப்போது லவ். உங்களுக்கு எதிராகத் தொடர்ந்து பத்து வெற்றி. டேக்கிளோ ரிசீவரோ, யாரை வேண்டுமானாலும் எடுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நாங்கள் 2020-இல் எடுத்த குவாட்டர்பேக்கை மூன்று வருடம் உட்கார வைத்தோம். நீங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே களத்தில் இறக்குவீர்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது, 9-வது தேர்வில் இல்லை.

கரடிக்குகை | ஏப்ரல் 16

தம்பி, ஜனவரியில் கிரீன்பேயில் 17-9 என்று தோற்ற காயமே இன்னும் ஆறவில்லை. கொஞ்சம் தள்ளி நில். (உட்கார வைப்பது பற்றி நீ சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் உங்களிடம் உட்கார வைக்க முன்னால் ராஜர்ஸ் இருந்தார். எங்களிடம் மாற்று ஆள் டைசன் பேஜன்ட்.)

பழைய_பெஞ்ச் | ஏப்ரல் 17

நான் வயதில் மூத்தவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்துக்குள் நமக்கு இரண்டு தேர்வு என்பது சின்ன விஷயமில்லை. 1965 டிராஃப்டில் மூன்றும் நான்கும் நம்மிடம் இருந்தன. எடுத்தவர்கள் டிக் பட்கஸ், கேல் சேயர்ஸ். இருவருமே ஹால் ஆஃப் ஃபேம். அடுத்தடுத்த இரண்டு தேர்வில் அப்படி அள்ளிய அணி வேறு இருந்தால் காட்டுங்கள். ஆனால் அந்த இருவரையும் வைத்துக்கொண்டு ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. ஏன்? சுற்றிலும் ஆளில்லை, முழங்கால்களும் போயின.

இன்னொரு வருடம் 1983. ஆறாவது தேர்வில் ஜிம் கோவர்ட், இடது டேக்கிள். 18-இல் வில்லி கால்ட், ரிசீவர். பிறகு டூயர்சன், எட்டாம் ரவுண்டில் மார்க் போர்ட்ஸ், அதே எட்டாம் ரவுண்டில் ரிச்சர்ட் டென்ட், 203-வது ஆள். அந்த 203-வது ஆள்தான் இருபதாவது சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர். 46-10 அப்படித்தான் வந்தது. நட்சத்திரம் இரண்டு பேர் இருந்த அணி எங்கும் போகவில்லை, ஒரே வருடத்தில் ஏழெட்டுப் பேர் கிடைத்த அணி கோப்பை வாங்கியது.

அதனால் என் ஓட்டு கரடிக்குகை பக்கம். கீழே இறங்கிச் சீட்டுகளைக் கூட்டுங்கள்.

சும்மா ஒரு தகவல். 1936-இல் நடந்த முதல் டிராஃப்டின் முதல் தேர்வே சிகாகோப் பையன்தான், சிகாகோ பல்கலையின் ஜே பெர்வாங்கர். பிலடெல்பியா எடுத்து, உரிமையை நம் அணியின் நிறுவனர் ஹாலஸுக்கு மாற்றிக் கொடுத்தது. சம்பளம் ஒத்துவரவில்லை, அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. டிராஃப்டுக்கும் நமக்கும் ராசி எப்படி என்று அன்றே தெரிந்துவிட்டது. 1947-க்குப் பிறகு நாம் முதல் ஆளை எடுக்கப்போவது இப்போதுதான்.

நேப்பர்வில்_அக்கா | ஏப்ரல் 17

ஐயா, உங்கள் 1983 கதையை நான் எப்போதும் ரசிப்பேன். ஆனால் அந்த வருடத்தில் கோவர்ட், கால்ட் இருவரும் முதல் ரவுண்டு. மேலே இரண்டு நல்ல ஆளை எடுத்துவிட்டுத்தான் கீழே புதையல் தோண்டினார்கள். இறங்கிப்போய் தோண்டவில்லை.

கரடிக்குகை | ஏப்ரல் 17

அக்கா, ரிசீவர் என்றால் எனக்கு 2015 நினைவுக்கு வருகிறது. ஏழாவது தேர்வு கெவின் வைட். காயத்துக்கு மேல் காயம், பேர்ஸ் சட்டையில் ஒரு டச்டவுன்கூட இல்லை. 2001-இல் எட்டாவது தேர்வு டேவிட் டெரல், அவரும் ரிசீவர். இரண்டு தீக்காயம் போதாதா?

நேப்பர்வில்_அக்கா | ஏப்ரல் 17

அப்படிப் பார்த்தால் 2017-இல் மஹோம்ஸை விட்டுவிட்டு ட்ரூபிஸ்கிக்காக ஒரு படி மேலே ஏறின அணி இனி குவாட்டர்பேக்கே எடுக்கக்கூடாது. அன்று முடிவெடுத்தவர்கள் யாரும் இன்று நம் அணி அலுவலகமான ஹாலஸ் ஹாலில் இல்லை.

மிட்வே_மறவன் | ஏப்ரல் 18

இரண்டு நாளாகப் படிக்கிறேன், எட்ஜ் ரஷருக்காக ஒருவர்கூட உருப்படியாக வாதாடவில்லையே. சரி, நான் வருகிறேன்.

ஹூஸ்டனைப் பாருங்கள். 2023-இல் இரண்டாவது தேர்வில் குவாட்டர்பேக் ஸ்ட்ரௌட். உடனே 12-லிருந்து மூன்றுக்கு ஏறி எட்ஜ் வில் ஆண்டர்சன். அந்த ஏற்றத்துக்கு இந்த வருட முதல் ரவுண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள், பைத்தியம் என்றார்கள். ஸ்ட்ரௌட் 4,108 யார்டு, சிறந்த புதுமுக ஆஃபென்ஸ் வீரர். ஆண்டர்சன் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர். 3-13-1 ஆக இருந்த அணி 10-7 ஆகி டிவிஷனை வென்றது. ஸ்ட்ரௌட்டுக்காக முதல் ரவுண்டு ரிசீவர் யாரையும் எடுக்கவில்லை. நிகோ காலின்ஸும் டேங்க் டெல்லும் மூன்றாம் ரவுண்டு ஆட்கள்.

நம் டிஃபென்ஸ் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. போன சீசனில் ஓட்டத்தில் மிகக் குறைவாக யார்டு விட்ட அணி நாம்தான். 22 இன்டர்செப்ஷனோடு லீகில் முதலிடத்தைப் பகிர்ந்தோம். ஜெய்லன் ஜான்சனுக்கு 76 மில்லியன் கொடுத்துக் கட்டிப்போட்டாயிற்று. இல்லாதது ஒன்றுதான், சாக். ஸ்வெட் சீசன் நடுவில் வந்து 6 சாக் எடுத்தார், அதற்கே அவர்தான் அணியில் முதலிடம்! முழு சீசன் ஆடிய மற்றவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

லையாட்டு லாட்டு, யூசிஎல்ஏ. போன வருடம் 13 சாக், லொம்பார்டி விருது. கைவேலை பார்த்தால் இப்போதே பத்து வருடம் ஆடியவர் போல இருக்கும். கழுத்துக் காயத்தால் முன்பு வாஷிங்டன் பல்கலையில் ஆட்டத்தையே விட வேண்டி வந்தது, அது உண்மை. மருத்துவர்கள் சரி என்றால் எடு. இல்லையென்றால் டாலஸ் டர்னர், அல்லது ஜாரெட் வெர்ஸ். புதுமுக குவாட்டர்பேக்குக்கு நல்ல உதவி எது தெரியுமா? எதிரணியை 17 புள்ளியில் நிறுத்துவது.

கேப்_கணக்கு | ஏப்ரல் 19

நீங்கள் எல்லோரும் யார் வேண்டும் என்று சொல்கிறீர்கள், யார் மிச்சம் இருப்பார் என்று யாரும் பார்க்கவில்லை. முதல் எட்டை ஓட்டிப் பார்ப்போம்.

முதல் மூன்று குவாட்டர்பேக்: நாம், வாஷிங்டன், நியூ இங்கிலாந்து. நான்காவது அரிசோனா, ஹாரிசன் ஜூனியர். ஐந்தாவது சார்ஜர்ஸ். ஆலனை நமக்கு விற்றுவிட்டார்கள், மைக் வில்லியம்ஸையும் விட்டுவிட்டார்கள், ரிசீவர் எடுக்க வேண்டியவர்கள். ஆனால் பயிற்சியாளர் நம் பழைய குவாட்டர்பேக் ஜிம் ஹார்பா. அவருக்கு லைன்மேன் என்றால் உயிர். ஜோ ஆல்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆறாவது நியூயார்க் ஜயன்ட்ஸ், நேபர்ஸ். ஏழாவது டென்னசி, கால்வின் ரிட்லிக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள், இடது டேக்கிள் காலி, அதனால் ஒரு டேக்கிள். எட்டாவது அட்லாண்டா. கசின்ஸுக்கு நான்கு வருடம் 180 மில்லியன் கொடுத்த பிறகு அவர்கள் குவாட்டர்பேக் எடுக்கவா போகிறார்கள்? எட்ஜ்தான், அநேகமாக டர்னர்.

அப்படியானால் 9-இல் ஓடுன்ஸே அப்படியே நிற்கிறார். லாட்டுவும் வெர்ஸும் ஃபஷானுவும்கூட. கரடிக்குகை கேட்கும் டிரேடுக்கும் வழி இருக்கிறது. 11-இல் மின்னசோட்டா, 12-இல் டென்வர், 13-இல் ரெய்டர்ஸ், மூன்று பேருக்கும் குவாட்டர்பேக் பசி. ஆனால் மின்னசோட்டாவுக்கு நாமே குவாட்டர்பேக்கை எடுத்துக் கொடுத்து வருடத்துக்கு இரண்டு முறை அவரைப் பார்க்க வேண்டுமா? டென்வரிடம் இரண்டாம் ரவுண்டு இல்லை. ரெய்டர்ஸ் 13-ஐயும் 77-ஐயும் கொடுத்தாலே பழைய பட்டியல்படி கணக்கு சரியாகிவிடும். 77 என்பது மூன்றாம் ரவுண்டு. நீங்கள் கேட்ட இரண்டாம் ரவுண்டு அங்கே வராது, யாராவது இருவர் போட்டி போட்டால்தான் வரும்.

கரடிக்குகை | ஏப்ரல் 19

இது நல்ல வாதம். 77-க்காக ஓடுன்ஸேவை விடச் சொன்னால் நானே விட மாட்டேன். 44 கொடுத்தால் அன்றைக்கே போனை எடுப்பேன்.

பழைய_பெஞ்ச் | ஏப்ரல் 19

44 கொடுக்க மாட்டார்கள். நான்காவது ஐந்தாவது குவாட்டர்பேக்குக்கு அவ்வளவு கொடுக்க யாருக்குப் பைத்தியம்? சரி, 2017-இல் ஒரே ஒரு இடம் ஏறுவதற்கு இரண்டு மூன்றாம் ரவுண்டும் ஒரு நான்காம் ரவுண்டும் கொடுத்த பைத்தியம் நம் ஊரில்தான் இருந்தது, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

மிட்வே_மறவன் | ஏப்ரல் 20

எனக்கு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஓடுன்ஸே வந்தால் முதல் வருடம் மூர், ஆலன் இருவருக்கும் பின்னால் மூன்றாவது ஆள். எட்ஜ் வந்தால் முதல் வாரமே ஸ்வெட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பார். இந்த வருடம் யாரால் அதிக ஆட்டம் ஜெயிப்போம்?

நேப்பர்வில்_அக்கா | ஏப்ரல் 20

இந்த வருடம் எட்ஜால். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்ஜ் ரஷரைச் சந்தையில் வாங்கலாம், ஸ்வெட்டை அப்படித்தான் வாங்கினோம். ஒரு இரண்டாம் ரவுண்டு, அப்புறம் நான்கு வருடத்துக்கு 98 மில்லியன். நல்ல இளம் ரிசீவர் சந்தைக்கே வருவதில்லை. வந்தாலும் ஆலனைப் போல 32 வயதில் வருவார். கேலப்பும் ஓடுன்ஸேவும் ஒரே வயதில் சேர்ந்து வளர்ந்தால் 2026, 2027-இல் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கேப்_கணக்கு சொன்ன மலிவான நான்கு வருடம் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓடும்.

கேப்_கணக்கு | ஏப்ரல் 20

ஒரே நேரத்தில் முடியும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அக்கா. 2028-இல் இருவருக்கும் ஒரே சமயத்தில் பணம் கேட்டு வருவார்கள். அது நல்ல தலைவலி, வரட்டும்.

புது_ரசிகன் | ஏப்ரல் 23

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். இங்கே எத்தனை மணிக்கு?

கரடிக்குகை | ஏப்ரல் 23

சிகாகோவில் வியாழன் இரவு 7. உனக்கு வெள்ளிக்கிழமை காலை 5.30. முதல் ரவுண்டில் ஒரு தேர்வுக்குப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்வார்கள், 9-வது வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். காப்பி போட்டு வைத்துக்கொள்.

என் கடைசி நிலை: ஓடுன்ஸே இருந்தால் ஓடுன்ஸே. இல்லையென்றால் இறங்கு. அதுவும் முடியாவிட்டால் லாட்டு.

லைன்மேன் | ஏப்ரல் 24

எல்லோரும் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், தெரிகிறது. நான் சாயவில்லை. 9-இல் ரிசீவரை எடுங்கள், கை தட்டுகிறேன். ஆனால் 75-லாவது ஒரு டேக்கிளை எடுக்காவிட்டால் செப்டம்பரில் ஒவ்வொரு சாக்குக்கும் இங்கே வந்து ஒரு பதிவு போடுவேன்.